சிரப்பில் விஷம் எங்கிருந்து வருகிறது? 88 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் ஒரே கரைப்பான்

காய்ச்சல் சிரப் பாட்டிலைக் கையில் எடுத்தால் நம் கண் முதலில் போவது மருந்துப் பெயர்களுக்குத்தான். பாராசிட்டமால் இத்தனை மில்லிகிராம், குளோர்பெனிரமின் இத்தனை மில்லிகிராம். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், 'சுவையூட்டப்பட்ட சிரப் அடிப்படை' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. ஆனால் 5 மில்லி சிரப்பில் மருந்து என்பது சில நூறு மில்லிகிராம்கூட இருக்காது. மிச்சம் எல்லாமே அந்தப் பொடி எழுத்து வரிதான்.

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகளைக் கொன்றது அந்த வரிக்குள் ஒளிந்திருந்த ஒரு பொருள். சாதாரண சளி, காய்ச்சலுக்காக டாக்டரிடம் போன குழந்தைகள். பெரும்பாலோர் 5 வயதுக்கும் குறைந்தவர்கள். சிரப் குடித்த சில நாட்களில் வாந்தி, பிறகு சிறுநீர் நின்றுபோனது. நாக்பூர் வரை கொண்டுபோய் டயாலிசிஸ் செய்தும் பலரைக் காப்பாற்ற முடியவில்லை. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

அவர்கள் குடித்த 'கோல்ட்ரிப்' சிரப் தயாரானது நம் ஊரில். காஞ்சிபுரம் மாவட்டம், சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா ஆலையில். மத்தியப் பிரதேச அரசிடமிருந்து தகவல் வந்தது அக்டோபர் 1. அன்று ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும். விடுமுறையிலும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் ஆலைக்குப் போய் மாதிரி எடுத்தார்கள். அடுத்த நாளே முடிவு வந்துவிட்டது. எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்சில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால். அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.1 சதவீதம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பரிசோதனைக்கு ஆனது ஏறக்குறைய ஒரு நாள். அந்த பேட்ச் தயாரானதோ மே மாதம். நடுவில் ஐந்து மாதம் ஓடியிருக்கிறது. அந்த ஒரு நாள் வேலையை ஏன் யாருமே செய்யவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்குப் பதில் தேட, முதலில் கொஞ்சம் மருந்தியல், அப்புறம் கொஞ்சம் வரலாறு.

சிரப்புக்கு எதற்கு கரைப்பான்? தண்ணீர் போதாதா?

போதாது. ஒரு சின்னக் கணக்கு போட்டாலே புரியும். அறை வெப்பநிலையில் ஒரு மில்லி தண்ணீரில் சுமார் 14 மில்லிகிராம் பாராசிட்டமால்தான் கரையும். ஆனால் குழந்தைகளுக்கான சிரப்பில் வழக்கமான அளவு 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். அதாவது மில்லிக்கு 25 மில்லிகிராம். வெறும் தண்ணீரில் கலக்கினால் பாதிக்குக் கிட்ட அடியில் தங்கிவிடும். முதல் ஸ்பூனில் மருந்து குறைவாக இருக்கும், கடைசி ஸ்பூனில் அளவுக்கு மீறி இருக்கும்.

இதற்கு மருந்து நிறுவனங்களிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று, மருந்தைக் கரைக்காமல் நுண்துகளாகவே மிதக்கவிடுவது. 'நன்றாகக் குலுக்கிய பின் பயன்படுத்தவும்' என்று பாட்டிலில் எழுதியிருக்கிறதே, அது இந்த வகைக்கு. (அந்த வரியை அலட்சியம் செய்பவர்கள் மேலே சொன்ன முதல் ஸ்பூன், கடைசி ஸ்பூன் கதையை இன்னொரு முறை படிக்கவும்.) இரண்டாவது வழி, தண்ணீரோடு வேறொரு திரவத்தைச் சேர்த்து மருந்தை முழுசாகக் கரைப்பது. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால் கரைசல் போன்றவை இதற்குப் பயன்படுகின்றன. கொஞ்சம் கெட்டியாக, கொஞ்சம் இனிப்பாக, நிறமில்லாமல் இருக்கும். மருந்துத் தரத்தில், சொன்ன அளவுக்குள் சேர்த்தால் ஆபத்தில்லாதவை.

சிக்கல் என்னவென்றால், டை எத்திலீன் கிளைக்காலும் அதேபோலத்தான் இருக்கும். கெட்டி, இனிப்பு, நிறமில்லை, மணமில்லை, மருந்தையும் நன்றாகவே கரைக்கும். பிரேக் ஆயில், இஞ்சின் குளிர்விப்பான், பிரிண்டிங் மை, பெயின்ட் போன்ற தொழில்களில் புழங்கும் சரக்கு. மருந்துத் தர கிளிசரினையும் புரோப்பிலீன் கிளைக்காலையும்விட மலிவு. இரண்டு டிரம்மையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, கண்ணாலும் மூக்காலும் எது எதுவென்று சொல்லச் சொன்னால், கைதேர்ந்த கெமிஸ்ட்டாலும் முடியாது. கருவியில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது. மருந்தில் நோயைக் குணப்படுத்தும் பகுதிக்கு 'செயல்படு பொருள்' என்று பெயர். கரைப்பான், இனிப்பு, நிறம், மணம் எல்லாம் 'துணைப்பொருள்'. நிறுவனமும் அதிகாரிகளும் வாங்குபவரும் பார்ப்பது செயல்படு பொருளை. துணைப்பொருள் என்ற பெயரே அதை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறது.

குடித்த உடனே ஏன் தெரிவதில்லை?

மருந்து உடம்புக்கு என்ன செய்கிறது என்பது மருந்தியலின் ஒரு பாதி. உடம்பு மருந்துக்கு என்ன செய்கிறது என்பது மறுபாதி. குடலில் உறிஞ்சப்படுவது, ரத்தத்தோடு பரவுவது, கல்லீரலில் உருமாறுவது, சிறுநீரகம் வழியாக வெளியேறுவது என்று நாலு கட்டம். நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் இந்த வழியாகத்தான் போய்ச் சேர்கிறது.

பொதுவாகக் கல்லீரல் நம் கட்சி. வேண்டாத பொருளைப் பிடித்து, நீரில் கரையும்படி மாற்றி, வெளியே அனுப்பும். ஆனால் சில சமயம் அந்த மாற்றமே வினையாகிவிடும். டை எத்திலீன் கிளைக்கால் அப்படிப்பட்ட ஒன்று. கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி அதைப் பிடித்து, படிப்படியாக அமிலங்களாக மாற்றுகிறது. அவற்றில் டைகிளைக்காலிக் அமிலம் என்ற ஒன்று சிறுநீரகத்தின் நுண்குழாய் செல்களுக்குள் போய் அடைந்துகொள்கிறது. வெளியேற வழியில்லாமல் சேரச் சேர, அந்த செல்கள் செத்துப்போகின்றன. அதன் பிறகுதான் சிறுநீர் நிற்கிறது. பிழைப்பவர்களில் சிலருக்கு நரம்புகளும் பாதிக்கப்படும்.

இந்த உருமாற்றத்துக்கு நேரம் பிடிக்கும். அதனால்தான் முதல் நாள் குழந்தை நன்றாக இருக்கும், கொஞ்சம் வாந்தி, கொஞ்சம் சோர்வு. காய்ச்சல் வந்த பிள்ளை அப்படித்தானே இருக்கும் என்று பெற்றோர் நினைப்பார்கள். அடுத்த வேளை சிரப்பையும் கொடுப்பார்கள். சிந்த்வாராவிலும் மூளைக்காய்ச்சலா, தண்ணீரில் கோளாறா, எலியிலிருந்து பரவும் நோயா என்று வேறு பல திசைகளில் தேடியிருக்கிறார்கள். சிறுநீரகத் திசுவை எடுத்துப் பரிசோதித்த பிறகே சந்தேகம் மருந்தின் பக்கம் திரும்பியது.

அளவையும் பார்த்துவிடலாம். 48.6 சதவீதம் என்றால் 5 மில்லி ஸ்பூனில் சுமார் 2.4 கிராம். ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுத்தால் 7 கிராமுக்கும் மேல். 10, 15 கிலோ எடையுள்ள உடம்புக்கு. வரம்பைப்போல ஏறக்குறைய 490 மடங்கு. 0.2 சதவீதமோ 0.5 சதவீதமோ இருந்திருந்தால் ஏதோ கவனக்குறைவு என்று வாதாடலாம். பாட்டிலில் பாதியே அதுவாக இருக்கும்போது 'கலப்படம்' என்ற சொல்லே சின்னதாகத் தெரிகிறது.

மாற்று மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. போமெபிசோல் என்ற ஊசி அந்தக் கல்லீரல் நொதியைத் தடுத்து, அமிலம் உருவாகாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அமிலம் உருவாகும் முன்பே கொடுத்தால்தான் பெரிய பலன். அதற்கு, விஷம் எது என்று டாக்டருக்கு முன்கூட்டியே சந்தேகம் வர வேண்டும். சாதாரண காய்ச்சல் சிரப்பை யார் சந்தேகப்படுவார்கள்?

அமெரிக்கா, 1937: ராஸ்பெர்ரி சுவையில் ஒரு பேரழிவு

இந்த விஷம் உலகத்துக்குத் தெரியவந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. பெனிசிலின் பரவலாவதற்கு முந்தைய காலம். தொண்டை அழற்சி முதல் பால்வினை நோய் வரை பலவற்றுக்கும் சல்பனிலமைடு என்ற மாத்திரை அற்புத மருந்தாகப் பேசப்பட்டது. தென் மாநிலங்களில் அதைத் திரவமாகக் கேட்டார்கள். டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் இருந்த மாசன்கில் நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் ஹரோல்டு வாட்கின்ஸ் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். சல்பனிலமைடு தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ சுலபமாகக் கரையவில்லை. டை எத்திலீன் கிளைக்காலில் கரைந்தது. ராஸ்பெர்ரி சுவை சேர்த்தார்கள். தோற்றம், மணம், சுவை மூன்றையும் பார்த்தார்கள். மூன்றும் நன்றாக இருந்தன. 'எலிக்சிர் சல்பனிலமைடு' என்று பெயரிட்டு 1937 செப்டம்பரில் நாடு முழுவதும் 633 பார்சல்களை அனுப்பிவிட்டார்கள்.

எலிக்கோ முயலுக்கோ கொடுத்துப் பார்த்தார்களா? இல்லை. பார்க்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை. அன்று அமலில் இருந்தது 1906-ம் ஆண்டுச் சட்டம். அது லேபிளில் பொய் சொல்லக் கூடாது என்றது. பொருள் பாதுகாப்பானதா என்று விற்பதற்கு முன் நிரூபிக்கச் சொல்லவில்லை.

அக்டோபரில் ஓக்லஹோமா மாநிலம் டல்சாவிலிருந்து அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்குத் தகவல் போனது. இந்த மருந்தைக் குடித்தவர்கள் சிறுநீர் நின்று சாகிறார்கள் என்று. சங்கத்தின் ஆய்வுக்கூடம் கரைப்பானைக் கண்டுபிடித்தது. மருந்து அதிகாரிகளான எஃப்.டி.ஏ. தன் களப்பணியாளர்கள் 239 பேரில் ஏறக்குறைய எல்லோரையும் வீதியில் இறக்கியது. பார்சல் ரசீதைப் பிடித்து மொத்த விற்பனையாளர், அங்கிருந்து மருந்துக்கடை, அங்கிருந்து நோயாளி வீடு என்று ஒவ்வொரு பாட்டிலாகத் துரத்தினார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு மருந்து வாங்கிய ஒரு குடும்பம் மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அந்தக் குழந்தையைத் தேடப் போவதற்காக ஒரு டாக்டர் தன் கல்யாணத்தையே தள்ளிவைத்தார். தயாரான 240 கேலனில் 234 கேலனுக்கும் மேல் மீட்டுவிட்டார்கள். மீட்க முடியாமல் போன அந்தச் சில கேலன்களில் 105 பேர் போனார்கள். அதில் 34 பேர் குழந்தைகள்.

இதிலெல்லாம் விசித்திரமான விஷயம் வேறு. இவ்வளவு பாட்டில்களையும் பறிமுதல் செய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது ஒரே ஒரு சொல். 'எலிக்சிர்' என்றால் ஆல்கஹால் கலந்த மருந்து என்று பொருள். இதில் ஆல்கஹால் இல்லை. ஆகவே லேபிள் பொய். அதுதான் குற்றம்! வெறுமனே 'கரைசல்' என்று பெயர் வைத்திருந்தால், நூறு பேரைக் கொன்ற மருந்தைக் கைப்பற்ற சட்டத்தில் இடமே இருந்திருக்காது. நிறுவனம் அபராதம் கட்டியது, தவறான பெயரிட்டதற்காக. நிறுவன உரிமையாளர், தன் தரப்பில் எந்தப் பொறுப்பும் இல்லை என்று அறிக்கைவிட்டார். வாட்கின்ஸ் தற்கொலை செய்துகொண்டார்.

ஐந்து வருடமாக நாடாளுமன்றத்தில் இழுத்துக்கொண்டிருந்த புதிய மருந்து மசோதா, அடுத்த ஆண்டே நிறைவேறியது. 1938 ஜூன் 25-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். புது மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன், அது பாதுகாப்பானது என்று நிறுவனம் காட்ட வேண்டும். இன்று நமக்கு இது சாதாரண அறிவாகத் தெரிகிறது. 105 உயிர் போன பிறகு வந்த சாதாரண அறிவு.

அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த மாணவி

1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கெய்லிங் என்பவரிடம், கொன்றது மருந்தா கரைப்பானா என்று விலங்குகளில் சோதித்துச் சொல்லும் வேலை வந்தது. அந்தக் குழுவில் பிரான்செஸ் ஓல்டம் என்ற ஆராய்ச்சி மாணவியும் இருந்தார். அவர் அங்கே சேர்ந்ததே தனிக் கதை. பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துக்கொண்ட பேராசிரியர், 'மிஸ்டர் ஓல்டம்' என்று போட்டு வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு பிரான்செஸ் கெல்சி ஆன அவர், 1960-ல் எஃப்.டி.ஏ.வில் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் மேஜைக்கு வந்தது ஒரு தூக்க மருந்தின் விண்ணப்பம். ஐரோப்பாவில் ஏற்கெனவே சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த மருந்து, கர்ப்பிணிகளின் வாந்திக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா கையெழுத்துப் போட வேண்டிய ஃபைல் என்றுதான் அவரிடம் கொடுத்தார்கள். அவர் போடவில்லை. பாதுகாப்புத் தரவு போதவில்லை, இன்னும் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நிறுவனத்தின் ஆட்கள் நச்சரித்தும் அசையவில்லை.

அந்த மருந்து தாலிடோமைடு. 1961 நவம்பரில் ஜெர்மனியில் அதைத் திரும்பப் பெற்றபோது, கை கால் வளராமல் பிறந்த குழந்தைகள் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கில். அமெரிக்காவில் மிகச் சிலரோடு நின்றதற்குக் காரணம், கையெழுத்துப் போடாத அந்தப் பேனா. 1962-ல் சட்டம் மறுபடி இறுகியது. பாதுகாப்பை மட்டுமல்ல, மருந்து நிஜமாகவே வேலை செய்கிறது என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்றார்கள். இன்று செய்திகளில் அடிபடும் 'கிளினிக்கல் டிரையல்' முறைகளுக்கு இது ஒரு பெரிய அடித்தளம்.

சரி, நம்ம ஊர் சட்டம்?

பலர் நினைப்பதுபோல இந்தியாவில் சட்டம் தாமதமாக வரவில்லை. கலப்பட குயினைன் சந்தையில் குவிந்த பிரச்சினையை விசாரிக்க 1930-ல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் குழு போட்டார்கள். இந்திய மருந்தியலின் தந்தை என்று சொல்லப்படுபவர் அவர். அந்தக் குழுவின் பரிந்துரைகளிலிருந்து 1940-ல் மருந்துச் சட்டமும் 1945-ல் விதிகளும் வந்தன. இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

அந்த விதிகளில் நமக்கு வேண்டியது ஏற்கெனவே இருக்கிறது. தயாரிப்பாளர் ஒவ்வொரு பேட்ச் மூலப்பொருளையும், தயாரான ஒவ்வொரு பேட்ச் மருந்தையும் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். கலப்பட மருந்தால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 10 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்று 2008-ல் திருத்தமும் வந்தது. காகிதத்தில் பார்த்தால் ஓட்டையே தெரியாது.

ஆனால் பட்டியலைப் பாருங்கள். 1973-ல் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 14 குழந்தைகள். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரின் கொடுக்கப்பட்ட 14 நோயாளிகள். அதை விசாரித்த நீதிபதி லென்டின் கமிஷன் அறிக்கை இன்று படித்தாலும் நேற்று எழுதியதுபோல இருக்கும். 1998-ல் குருகிராமில் 33 குழந்தைகள். 2020 வாக்கில் ஜம்முவின் ராம்நகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். எல்லாவற்றிலும் அதே டை எத்திலீன் கிளைக்கால்.

2022-ல் காம்பியாவில் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, ஹரியானாவில் தயாரான சிரப்புகளைச் சுட்டிக்காட்டி உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, தங்கள் பரிசோதனையில் விஷம் இல்லை என்றது இந்திய அரசு. ஆனாலும் அதற்குப் பிறகு 2023 ஜூன் 1 முதல் ஒரு விதி வந்தது. ஏற்றுமதியாகும் இருமல் சிரப் ஒவ்வொன்றும் அரசு அங்கீகரித்த ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்துச் சான்றிதழ் பெற்ற பிறகே கப்பலேற வேண்டும்.

ஏற்றுமதியாகும் சிரப். உள்ளூரில் விற்பதற்கு அந்தக் கூடுதல் கதவு கிடையாது. அதற்குத் தயாரிப்பாளரின் சொந்தப் பதிவேடுதான் சாட்சி, அதிகாரிகள் அவ்வப்போது எடுக்கும் மாதிரிதான் காவல். இருமல் சிரப் விஷயத்தில் இந்தியாவின் மிகப் பெரிய கோளாறு இந்த இரட்டை அளவுகோல்தான் என்பது என் கருத்து. வெளிநாட்டுக் குழந்தைக்கு மூன்றாவது ஆள் பரிசோதனை, பராசியா குழந்தைக்குத் தயாரிப்பாளரின் வாய்ச்சொல்.

டிரம்மைத் திறந்து பார்ப்பது யார் வேலை?

ஒரு கரைப்பான் டிரம் பெரிய ஆலையிலிருந்து நேராகச் சின்ன மருந்து ஆலைக்கு வருவதில்லை. நடுவில் வியாபாரிகள் ஒருவர், இருவர், மூவர். பெரிய டிரம்மிலிருந்து சின்ன கேனுக்கு மாற்றுவார்கள். கூடவே வருவது 'தரச் சான்று' என்ற காகிதம். 2006-ல் பனாமாவில் நடந்தது இதற்குக் கண்முன் சாட்சி. சீனாவிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்த 'கிளிசரின்' டிரம்களின் காகிதத்தில் கை மாறக் கை மாறப் பெயர்கள் மாறின. உள்ளே இருந்ததை வழியில் ஒருவரும் பரிசோதிக்கவில்லை. அரசு ஆய்வுக்கூடமே அதை இருமல் மருந்தில் கலந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சுங்குவார்சத்திரம் ஆலையில் நடந்த ஆய்வில், மருந்துத் தரமில்லாத புரோப்பிலீன் கிளைக்கால் பயன்படுத்தப்பட்டதாகவும் 300-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் இருந்ததாகவும் அதிகாரிகள் சொன்னார்கள். நிறுவனத்தின் உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைது செய்யப்பட்டார். ஆலையை ஒழுங்காக ஆய்வு செய்யவில்லை என்று மருந்து ஆய்வாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். 300 விதிமீறல் ஒரே ராத்திரியில் முளைக்காது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் வழக்கமான பந்து விளையாட்டு. உற்பத்தி உரிமம் கொடுப்பது மாநிலம். மருந்து போவது நாடு முழுக்க. மேற்பார்வைக்கு டெல்லியில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. தவறு நடந்தால் மாநிலம் மத்தியைக் கைகாட்டும், மத்தி மாநிலத்தை. சின்ன ஆலைகளுக்கான புதிய தர விதிகள் இன்னொரு உதாரணம். 'ஷெட்யூல் எம்' எனப்படும் உற்பத்தி விதிகளின் திருத்திய வடிவம் 2023 டிசம்பர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. செலவு தாங்காது என்று சிறு நிறுவனங்கள் கேட்டதால், அவர்களுக்கான கெடு 2025 டிசம்பர் 31 வரை நீண்டது. அந்த பேட்ச் தயாரான 2025 மே இந்த அவகாச காலத்துக்குள்தான் வருகிறது. அதற்காக, நீட்டிப்புதான் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. மூலப்பொருளைப் பரிசோதி என்ற பழைய விதி அப்போதும் உயிரோடுதான் இருந்தது.

சிந்த்வாராவுக்குப் பிறகு, ஒவ்வொரு பேட்ச் துணைப்பொருளும் பரிசோதிக்கப்படுவதை உறுதிசெய்யும்படி மாநிலங்களுக்கு மத்திய அரசு கடிதம் எழுதியது. ஏற்கெனவே இருக்கும் விதியை நினைவூட்டும் கடிதம் அது.

வீட்டில் என்ன செய்யலாம்?

கடையில் நின்றுகொண்டு கரைப்பானை நாம் பரிசோதிக்க முடியாது. ஆனால் அந்த சிரப் தேவையா என்ற கேள்வியை நிச்சயம் கேட்கலாம். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்தே கூடாது, 5 வயது வரை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபர் 3-ல் வெளியிட்ட அறிவுரை சொல்கிறது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என 2023-லேயே உத்தரவு இருக்கிறது. கோல்ட்ரிப்பில் இருந்ததும் இந்த ஜோடிதான். குழந்தைகளின் பெரும்பாலான சளி, வைரஸால் வருவது, சில நாட்களில் தானாகவே போய்விடும். போன முறை வாங்கிய பாட்டில், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது, கடைக்காரர் கொடுத்தது என்று எதையும் எடுத்து ஊற்றாதீர்கள்.

காய்ச்சலுக்கு டாக்டர் எழுதிய சிரப் என்றால் பயந்து நிறுத்தவும் வேண்டாம். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, வயதை அல்ல. சமையலறை ஸ்பூன் வேண்டாம், பாட்டிலோடு வரும் அளவு மூடியையே பயன்படுத்துங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று: மருந்து கொடுக்கும் நாட்களில் குழந்தை வழக்கம்போல் சிறுநீர் கழிக்கிறதா? ஆறு, எட்டு மணி நேரமாக இல்லையென்றால், கூடவே வாந்தியோ அளவுக்கு மீறிய மயக்கமோ இருந்தால், காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். என்ன மருந்து கொடுத்தோம் என்பதை அங்கே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

சிரப் வாங்கியதும் லேபிளில் பேட்ச் எண், தயாரிப்பாளர் முகவரி, காலாவதி தேதி தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். மருந்தால் பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம். இது மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண். அந்த பாட்டிலை மட்டும் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மிச்சம் இருக்கும் அந்தச் சில மில்லியைத்தான் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்க முடியும்.